பச்சைத் தண்ணீரின் வரவு செலவு: ஓர் ஊர்க் குட்டையில் இரண்டு கோடைப் பாசி வேலை

காட்பாடியிலிருந்து பொன்னை போகும் பக்கம் உள்ள ஓர் ஊர்க் குட்டை. பரப்பு ஏறக்குறைய ஒரு ஏக்கர். கரையோரம் இரண்டடி ஆழம், நடுவில் ஆறடி. மாசி பிறந்தால் தண்ணீர் பச்சை பெயின்டைக் கரைத்து ஊற்றியது போல ஆகிவிடும். பங்குனியில் காற்றடிக்கும் பக்கத்துக் கரையில் ஏடு கட்டி நாறும். சித்திரையில் விடியற்காலை மீன் வாய் பிளந்து மேலே வரும், சில நாள் செத்தும் மிதக்கும். இதைச் சரிசெய்ய இரண்டு கோடை நடந்த வேலையின் குறிப்பு இது. முதல் கோடையில் செய்ததில் பாதி வீண். அது ஏன் வீணானது என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறது.

எந்தப் பாசி?

நம் பக்கம் குட்டையில் மிதக்கும் எல்லாவற்றுக்கும் ‘பாசி’ என்ற ஒரே பெயர்தான். வைத்தியம் ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் முதலில் இதைப் பிரித்துவிட வேண்டும். ஒரு குச்சியை விட்டுக் கிளறுங்கள். தலைமுடி போல இழை இழையாகச் சுற்றிக்கொண்டு வந்தால் நூல்பாசி. அதை வாரி எடுத்துவிடலாம், பெரிய பயமில்லை. குச்சியில் எதுவும் சிக்காமல் பெயின்ட் தோய்த்தது போலப் பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டும். காலையில் பச்சையாக இருந்து வெயில் ஏற ஏறச் செங்கல் நிறமாகும் மெல்லிய ஏடு வேறு சாதி. அது யூக்ளினா. சாணமும் கழிவும் கலந்த குளங்களில் வருவது.

அடுத்தது பாட்டில் சோதனை. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால் பங்கு மொண்டு, மூடி, நிழலில் ஆடாமல் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் பச்சை அடியில் படிந்திருந்தால் சாதாரணப் பச்சைப்பாசி. மேலே வளையம் போல ஏறி நின்றால் நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா. அதன் உயிரணுக்களுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் மிதக்கிறது. இந்த மிதப்புதான் பின்னால் ஆலம் (பாசியைத் திரட்டி அடியில் படியவைக்கும் அலுமினிய சல்பேட் உப்பு) போடும்போது நம்மைத் தோற்கடிக்கப் போகிறது, நினைவில் வையுங்கள். கையில் ஃபோல்டுஸ்கோப் காகித நுண்ணோக்கி இருந்தால் அதன் 140 மடங்குப் பெருக்கத்திலேயே நீலப்பச்சைப் பாசியில் ஒரு வகையான மைக்ரோசிஸ்டிஸ் தெரியும்: ஒழுங்கில்லாத பசைக் கட்டிக்குள் மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகள். மணிமாலை போலக் கோத்திருந்தால் இன்னொரு வகையான அனபீனா. இந்தக் குட்டையில் இருந்தது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ்.

விஷம் பற்றி

மைக்ரோசிஸ்டிஸ் எல்லாமே நஞ்சு சுரப்பதில்லை. சுரப்பது எது, சுரக்காதது எது என்று கண்ணாலோ நுண்ணோக்கியாலோ பிரிக்க முடியாது. ஆகவே ஏடு கட்டினால் நஞ்சு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதன் நஞ்சான மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும். குடிநீரில் ஆயுள் முழுதும் குடிக்கத்தக்க அளவாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். காற்று ஒதுக்கும் கரையில் ஏடு திரளும்போது நஞ்சும் அங்கேதான் திரளும். மாடு தண்ணீர் குடிக்க இறங்குவதும் பெரும்பாலும் அந்தக் கரையில்தான். முதல் வேலையாக மாட்டுக்கு எதிர்க்கரையில் தொட்டி கட்டி, போர்வெல் தண்ணீர் விட்டோம். இதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

கொதிக்கவைத்தால் இந்த நஞ்சு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடும், உயிரணு வெடித்து உள்ளே இருப்பதும் வெளியே வரும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் ஈரி ஏரித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவித்தபோது, காய்ச்சவும் வேண்டாம் என்று சேர்த்தே சொன்னார்கள்.

மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போடலாமே என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். போட்டால் இரண்டே நாளில் தண்ணீர் தெளியும், அதுதான் அதன் ஆபத்து. செத்த உயிரணு நஞ்சை மொத்தமாகத் தண்ணீரில் கொட்டிவிடும். ஏடாக மிதந்த நஞ்சு கண்ணுக்குத் தெரிந்தது, கரைந்த நஞ்சு தெரியாது. 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி என்று தாமிர சல்பேட் போட்ட சில நாளில் 148 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தாமிரம் வண்டலில் தங்கிவிடும் என்பது தனி. அந்த வண்டல்தான் நாளைக்கு வயலுக்குப் போகிறது. பிளீச்சிங் பவுடரை மூட்டையாகக் குட்டையில் கொட்டுவதும் இதே கதை.

அளக்கும் சாமான்

வெளிச்சத் தட்டு: எட்டு அங்குல எவர்சில்வர் தட்டு ஒன்றை நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்கள் இரண்டைக் கறுப்பும் மற்ற இரண்டை வெள்ளையுமாக எனாமல் அடியுங்கள். நடுவில் துளை, போல்ட், அடியில் அரைக்கிலோ எடைக்கல். கயிற்றில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், மலிவான நைலான் இழுத்தால் நீளும். பழைய டெலிபோன் ஒயர் இரண்டும் செய்யாது. காலை 10-லிருந்து 2 மணிக்குள், நிழல் விழும் பக்கம் இறக்கி, தட்டு மறையும் ஆழமும் மறுபடி தெரியும் ஆழமும் பார்த்துச் சராசரி எடுங்கள். மீன் வளர்ப்பவர்கள் 25-லிருந்து 40 சென்டிமீட்டர் வரை நல்லது என்பார்கள். இருபதுக்குக் கீழே போனால் இரவில் ஆக்சிஜன் காலியாகும் அபாயம். இங்கே மாசியில் கிடைத்தது 15.

பி.எச். பேனா: தண்ணீரின் அமில, கார அளவைக் காட்டுவது. 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். 7.0, 9.2 என்று அளவு முன்பே தெரிந்த இரண்டு பஃபர் கரைசலிலும் வாரம் ஒருமுறை திருத்த வேண்டும். 4-ஐயும் 7-ஐயும் வைத்துத் திருத்திவிட்டுப் பாசித் தண்ணீரை அளந்தால் பிசகும், பகலில் இந்தத் தண்ணீர் நிற்பதே 9-க்கு மேல்.

பி.எச்.சும் ஆக்சிஜனும் ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும்: விடியுமுன் ஐந்தரைக்கு ஒன்று, மதியம் மூன்றுக்கு ஒன்று. ஒரே ஒரு நேரம் மட்டும் எடுத்த அளவால் எந்தப் பயனும் இல்லை. பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பி.எச். ஏறும், இரவில் மூச்சுவிடுவதால் இறங்கும். இந்தக் குட்டையில் விடியலில் 7.9, மதியம் 9.6. ஆக்சிஜனும் அப்படியே: மதியம் லிட்டருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல், விடியலில் 2-க்குக் கீழ். ஆக்சிஜனை அளக்க, மீன் பண்ணைகளுக்கு விற்கும், மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் கிட் போதும்.

பாசியை வளர்க்கும் முக்கியச் சத்து பாஸ்பரஸ், தண்ணீரில் அது பாஸ்பேட்டாகக் கரைந்திருக்கும். பாஸ்பேட் சோதனையில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடைக் கிட் வாங்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் பூஜ்யம் காட்டும். ‘பாஸ்பேட்டே இல்லை, பிரச்சினை வேறெங்கோ’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். கிட் அளப்பது கரைந்திருக்கும் பாஸ்பேட்டை மட்டும். பாசி முழுவதையும் தின்று தன் உடம்பில் வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் கொடுத்து ‘மொத்தப் பாஸ்பரஸ்’ என்று எழுதி வாங்க வேண்டும். சில அறிக்கைகள் பாஸ்பேட்டாகவும் சில பாஸ்பரஸாகவும் கொடுக்கும். பாஸ்பேட் எண்ணை மூன்றால் வகுத்தால் பாஸ்பரஸ் வரும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினாலே மிதமிஞ்சிய சத்து. இங்கே 0.4.

கணக்கு

குறியிட்ட மூங்கிலால் இருபது இடத்தில் ஆழம் பார்த்தோம். சராசரி நான்கடி, அதாவது 1.2 மீட்டர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பெருக்கினால் சுமார் 4,850 கன மீட்டர், 48 லட்சம் லிட்டருக்கு மேல். கன மீட்டருக்கு 0.4 கிராம் என்றால் குட்டை முழுதும் இருக்கும் பாஸ்பரஸ் 1.9 கிலோ. ஊரையே மூக்கைப் பிடிக்க வைக்கும் சரக்கு இரண்டு கிலோகூட இல்லை.

இப்போது வரவைப் பாருங்கள். ஒரு மூட்டை டி.ஏ.பி. உரத்தில் பாஸ்பரஸ் 10 கிலோ. ஒரு மூட்டை சூப்பர் பாஸ்பேட்டில் மூன்றரைக் கிலோ. மேட்டு வயலில் போட்ட ஒரே மூட்டை டி.ஏ.பி.யில் ஐந்தில் ஒரு பங்கு மழையில் கரைந்து வந்தாலும் குட்டை நிறைந்துவிடும். மீனுக்குப் போடும் தவிட்டில் டன்னுக்குச் சுமார் 15 கிலோ. மனிதக் கழிவில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை கிராம். இந்தக் குட்டைக்கு வரும் சாக்கடையில் நாற்பது வீடு, அவற்றின் செப்டிக் டேங்க் வழிவதும் அதில்தான். 160 பேருக்கு நாளைக்கு 240 கிராம். எட்டு நாளில் 1.9 கிலோ. அதாவது குட்டையை முழுக்க இறைத்துப் பன்னீரே நிரப்பினாலும், ஒன்பதாம் நாள் பழைய நிலைமைக்கு வேண்டிய சத்து வந்து சேர்ந்துவிடும்.

செலவுப் பக்கம் மெலிவு. ஒரு டன் ஆகாயத்தாமரை வாரி எடுத்தால் வெளியேறும் பாஸ்பரஸ் 200 கிராம் அளவு, அந்த டன்னில் பெரும்பங்கு தண்ணீர்தான். 400 கிலோ மீன் பிடித்தால் சுமார் 2 கிலோ. மீன் நல்ல செலவு. ஆனால் அதை வளர்க்கத் தவிடு கொட்டினால் வரவு முந்திக்கொள்ளும்.

அடியில் இருப்பதோ வேறு அளவு. மேல் பத்து சென்டிமீட்டர் சேறு மட்டும் 400 கன மீட்டர், காய்ந்த எடையில் இருநூறு டன் போல. கிலோவுக்கு ஒரு கிராம் வைத்தால் 200 கிலோ பாஸ்பரஸ். எல்லாம் ஒரேயடியாகக் கரையாது. பெரும்பகுதியை இரும்பு பிடித்து வைத்திருக்கிறது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும்வரைதான் அந்தப் பிடி. விடியலில் அடியில் ஆக்சிஜன் தீர்ந்து சேறு கறுத்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், இரும்பு கையை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

யூரியாவைக் குறைத்தால் போதாதா என்றால், போதாது. அனபீனா வகை காற்றிலுள்ள நைட்ரஜனையே பிடித்துத் தின்னும். பாஸ்பரஸைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது.

ஆலம்: மூன்று சுற்று

இந்தக் கணக்கைப் போட்டபிறகும் முதல் கோடையில் சாக்கடையைத் திருப்பாமல் ஆலத்தில் இறங்கியது தவறு. கால்வாய் வேலைக்கு ஊரில் பேசி முடிக்க நாளாகும், ஆலம் நாளைக்கே வாங்கலாம் என்ற அவசரம். வரிசை தப்பினாலும் முறை தெரிந்துகொள்ள உதவியது.

வாங்க வேண்டியது தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் இரும்பில்லாத ஆலம் கட்டி. நாட்டு மருந்துக் கடைப் படிகாரம் வேறு உப்பு, விலையும் அதிகம். முதலில் பாட்டிலில் பார்க்க வேண்டும். 10 கிராம் ஆலத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்தால் அதில் ஒரு மில்லி, ஒரு லிட்டர் குட்டைத் தண்ணீருக்கு 10 மில்லிகிராம். ஐந்து பாட்டிலில் ஊசிக் குழலால் 1, 2, 4, 6, 8 மில்லி விட்டு, ஒரு நிமிடம் வேகமாக, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி விட்டுப் பார்ப்பது வழக்கம். இந்தக் குட்டைக்கு 4 மில்லியில், அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராமில், தயிர் திரிந்தது போலத் துகள் கட்டியது. குட்டை முழுதுக்கும் 194 கிலோ.

ஆலம் ஒவ்வொரு மில்லிகிராமும் தண்ணீரின் காரத்தன்மையில் (அமிலம் சேர்ந்தாலும் பி.எச். இறங்காமல் தாங்கும் சக்தி, லிட்டருக்கு மில்லிகிராமில் சொல்வது) அரை மில்லிகிராமைத் தின்னும். பாறைக் கிணறுகளின் உப்புத் தண்ணீர் கலக்கும் நம் குட்டைகளில் கோடையில் காரத்தன்மை 200-க்கு மேல் இருப்பதால் 40-க்குப் பயமில்லை. ஐப்பசி மழையில் புதிதாக நிறைந்த தண்ணீரில் 50-க்குக் கீழே இருக்கக்கூடும். அப்போது ஆலம் பி.எச்.சை 6-க்குக் கீழே தள்ளி, கரைந்த அலுமினியம் மீனைக் கொல்லும். அந்தச் சமயம் நீற்றுச் சுண்ணாம்பு சேர்க்காமல் தொடக்கூடாது.

முதல் சுற்றில் ஆட்கள் வந்து சேர்ந்து தெளிக்கத் தொடங்கும்போது காலை 11. பாட்டிலில் கட்டிய துகள் குட்டையில் கட்டவே இல்லை. தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்து நின்றது. பாட்டிலில் பார்த்தது விடியற்காலைத் தண்ணீர், பி.எச். 8. தெளித்தது 9.4-ல். அவ்வளவு காரத்தில் அலுமினியம் திடமாகாமல் கரைந்தே இருக்கும். அறுபது கிலோ போனபிறகு நிறுத்தினோம்.

இரண்டாம் சுற்று நான்கு நாள் கழித்து, காலை 6 முதல் எட்டரை வரை. துகள் அழகாகக் கட்டியது. மாலையில் தட்டு 50 சென்டிமீட்டர் வரை தெரிந்தது. மறுநாள் விடியலில் போய்ப் பார்த்தால் கரை நெடுக வெண்பச்சைக் களி மிதக்கிறது. பாசியின் காற்றுப் பை துகளோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பாட்டில் சோதனையை அரை மணியில் முடித்துக்கொண்டதுதான் பிழை. ஓர் இரவு விட்டிருந்தால் பாட்டிலிலேயே இது தெரிந்திருக்கும்.

மூன்றாம் சுற்றில் பளுவுக்கு மண் சேர்த்தோம். எந்த மண் என்பதில்தான் விஷயம். வயல் மேல்மண்ணில் உரம் இருக்கும், அதைப் போடுவது பாசிக்குச் சோறு போடுவது. கிணறு வெட்டியபோது எட்டடிக்குக் கீழிருந்து வந்த செம்மண்ணை எடுத்து, கொசுவலையில் சலித்து, நூறு கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டோம். ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். முதலில் மண் கரைசல், நன்றாகக் கலக்கியபிறகு ஆலம். லிட்டருக்கு மண் 200, ஆலம் 40 மில்லிகிராம் விட்ட பாட்டிலில் மறுநாளும் எதுவும் எழும்பவில்லை. குட்டைக்கு மண் ஒரு டன் போல ஆகும், டிராக்டர் லோடில் கால்வாசி.

ஆலம் கரைக்க 200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம். இரும்பு டிரம் என்றால் ஆலம் அதை அரித்துவிடும். இருபது கிலோவைச் சாக்கில் கட்டி டிரம்மின் வாய்ப்பக்கம் முங்கும்படி தொங்கவிடுங்கள். கரைந்த ஆலம் கனமாகி இறங்க, மேலே புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், கிளற ஆள் வேண்டாம். அடியில் போட்டால் மறுநாளும் கட்டி அப்படியே கிடக்கும். இப்படிப் பத்து டிரம், முந்தின நாள் மாலையே. லாரி டியூப் நான்கில் பலகை கட்டிய மிதவையிலிருந்து பவர் ஸ்பிரேயரால் அடித்தோம். பித்தளை நாசில் இரண்டு நாளில் கெட்டது. பிளாஸ்டிக் நாசில் போட்டு, முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஓடவிட வேண்டும். குட்டையை இரண்டாகப் பாவித்து ஒரு பாதி இன்று, மறுபாதி மூன்றாம் நாள். மீன் ஒதுங்க இடம் வேண்டும்.

தட்டு 70 சென்டிமீட்டர் காட்டியது. ஐந்து வாரத்தில் 30. நாள் கூட ஆனதே தவிர, எட்டு நாள் கணக்கு சொன்ன வழியில்தான் நடந்தது. கரைந்த பாஸ்பேட்டைக் கிட்டில் பார்த்தால், மூன்றாம் வாரமே நிறம் காட்டத் தொடங்கியிருந்தது. பாசி வருமுன் சத்து வந்துவிட்டது.

இரவு ஆக்சிஜன்

பாசி படிந்து அழுகும் நாட்களில் மீனுக்குத்தான் கஷ்டம். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் இயந்திரம்) ஓடினால் போதும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்தக் குட்டையில் ஆக்சிஜனை லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம் ஏற்ற 4.85 கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஒரு குதிரைத்திறன் துடுப்புச் சக்கரம் மணிக்குச் சுமாராக ஒரு கிலோ கொடுக்கும். ஐந்து மணி நேரம் ஓடி ஒரு மில்லிகிராம், அதையும் அழுகும் பாசி தின்றுகொண்டே இருக்கும். ஆகவே குட்டை முழுதையும் காப்பாற்றப் பார்க்காமல், ஆழமான மூலையில் ஒரே இடத்தில் ஓட்டுங்கள், மீன் தானாக அங்கே வந்து கூடும். இரவு 11 முதல் காலை 7 வரை. பகலில் ஓட்டுவது கரண்டுக்குக் கேடு, மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை வெளியே விரட்டும். மூன்றடிக்குக் குறைந்த இடத்தில் வைத்தால் சேற்றைக் கிளப்பிக் காரியத்தைக் கெடுக்கும்.

மீன் வாய் பிளக்கும்போது பதறிச் சுண்ணாம்பு வீசுவது நம் பக்கப் பழக்கம். பி.எச். ஏறினால் தண்ணீரிலுள்ள அம்மோனியா நஞ்சாக மாறும். அந்த நேரத்தில் உதவுவது போர்வெல் தண்ணீரை உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விடுவது ஒன்றே.

மற்ற வைத்தியங்கள்

ஹைட்ரஜன் பெராக்சைடு பலிக்கும். லிட்டருக்கு 2 முதல் 3 மில்லிகிராம் நீலப்பச்சைப் பாசியை மட்டும் தேர்ந்து தாக்கும், ஓரிரு நாளில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். 2 மில்லிகிராமுக்கு இந்தக் குட்டைக்கு 9.7 கிலோ, தோல் தொழிலுக்கு விற்கும் 50 சதக் கரைசலில் 16 லிட்டர். ஆனால் தட்டு 15 சென்டிமீட்டர் காட்டும் கெட்டிப் பச்சையில் போட்டால் சில மணியிலேயே தீர்ந்துபோகும், வேலை நடக்காது. தட்டு 40-லிருந்து இறங்கத் தொடங்கும் வாரத்தில் போட வேண்டிய மருந்து. நஞ்சு வெளிவருவது இதிலும் உண்டு, மாட்டை இரண்டு வாரம் அண்டவிடக் கூடாது. 50 சதக் கரைசல் தோலை வெளுத்துப் பொசுக்கும். சாக்கு, வைக்கோல் பக்கத்தில் சிந்தினால் பற்றும். கண்ணாடியும் நீளக் கையுறையும் இல்லாமல் கேனைத் திறக்கக் கூடாது.

வெளிநாட்டில் பார்லி வைக்கோல் போடுகிறார்கள் என்று நெல் வைக்கோலைக் கட்டிப் போடுவது இந்த வெயிலில் அழுகி ஆக்சிஜனைத் தின்பதற்கே ஆகும். இ.எம். என்ற நுண்ணுயிர்க் கரைசல், நுண்ணுயிர் உருண்டை எதுவானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பாஸ்பரஸ் குட்டையை விட்டு எந்த வழியாக வெளியே போகிறது? பதில் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். கல்வாழை, வெட்டிவேர் மிதவைப் படுகை பார்க்க அழகு. வெட்டி வெட்டி வெளியே கொண்டுபோனால்தான் கணக்கில் ஏறும், அதுவும் கிராமில்.

இரண்டாம் கோடை: சாக்கடை

இந்த முறை கால்வாய் முதலில். சாக்கடை குட்டையில் விழும் இடத்துக்கு முன் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழத் தொட்டி. வாயில் அரையங்குலக் கம்பி வலை, வெளியேறும் பைப்பில் கீழ்நோக்கிய ‘டி’ மூட்டு, எண்ணெயும் நுரையும் மேலேயே தங்கும். அங்கிருந்து 160 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப் 250 அடி, நூறு அடிக்கு ஓர் அடி சாய்வு. போய்ச் சேரும் இடம் கரைக்குக் கீழே ஐம்பது சென்ட் தீவனப்புல், கம்பு நேப்பியர் கோ-4. நாணல் படுகை கட்டலாம் என்ற யோசனையைக் கைவிட்டதற்குக் காரணம், ஜல்லிப் படுகை நாற்றத்தை நன்றாகக் குறைக்கும், பாஸ்பரஸை ஓரளவுக்கு மேல் பிடிக்காது. பிடித்ததும் சில வருடத்தில் நிறைந்துபோகும். நாற்பது வீட்டுத் தண்ணீர் நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர். ஐம்பது சென்ட்டில் பரப்பினால் ஐந்து மில்லிமீட்டர், கோடையில் புல்லுக்கு அது ஒரு நாள் தாகம். வாரம் மூன்று பாத்தியாக மாற்றி விட வேண்டும். சோப்புத் தண்ணீர் ஓடும் மண் மேலே வெளுத்து இறுகினால் ஜிப்சம். கீரை, கத்தரி எதுவும் அங்கே போடக் கூடாது, புல் மட்டும்.

தொட்டியை வாரம் ஒருமுறை வழிக்க ஆள் வேண்டும். மூன்று வாரம் விட்டபோது சோற்றுப் பருக்கையும் மயிரும் வலையை அடைத்து, தண்ணீர் பழைய வழியே குட்டைக்கு ஏறிவிட்டது. வலையை நிமிர்த்தி வைக்காமல் சாய்த்து வைத்தால் அடைப்பு மெதுவாகத்தான் வரும்.

மீன் குத்தகைக்குத் தவிடும் கோழி எருவும் கொட்டக் கூடாது என்று எழுதி வாங்கியது தனி வேலை. மிர்காலும் ஜிலேபியும் சேற்றைக் கிண்டும் மீன்கள், அவற்றைப் பங்குனிக்குள் பிடித்துவிட வேண்டும்.

சித்திரைக் கடைசியில் குட்டை ஓரடிக்கு வந்தபோது மிச்சத்தை இறைத்து, பதினைந்து நாள் காயவிட்டு, தாசில்தார் அனுமதியோடு மேல் கறுப்புச் சேறு அரையடி மட்டும் எடுத்தோம். அதற்குக் கீழே களிமண் தட்டுப்பட்டதும் நிறுத்திவிட வேண்டும். அது போனால் தண்ணீர் நிற்காது. பொக்லைன் ஓட்டுபவருக்குக் கறுப்பு, சாம்பல் இரண்டையும் குழி தோண்டிக் காட்டிய பிறகே வண்டியை இறக்குங்கள். எடுத்த வண்டலைக் கரையின் உட்புறச் சரிவில் குவித்துவைப்பதை எத்தனையோ ஏரியில் பார்க்கலாம். முதல் மழையில் எல்லாம் வீடு திரும்பும். குட்டை நிறைந்து தண்ணீர் வழிந்து கோடி போகும் பக்கத்துக்கும் கீழே உள்ள வயல்களுக்குத்தான் ஏற்றி அனுப்ப வேண்டும்.

ஆடி, ஆவணி மாலை இடிமழையில் குட்டை பாதி நிறைந்தது. அந்த வருடம் மாசியில் தட்டு 55 சென்டிமீட்டர். பச்சை இருந்தது, ஏடு கட்டவில்லை. ஆலம் ஒரே சுற்று, 20 மில்லிகிராமில்.

கடைசியாக மழைக்கால்வாய்ப் பலகை. கோடை முழுதும் வரத்துக் கால்வாயில் சேர்ந்த சாணமும் குப்பையும் முதல் இரண்டு மழையில்தான் வந்து சேரும். கால்வாயின் இரு பக்கமும் சிமெண்ட்டில் சி-சேனல் பதித்து, பழைய கதவுப் பலகை இரண்டை அதில் இறக்கினால் முதல் தண்ணீர் பக்கத்து ஓடைக்குத் திரும்பும். தண்ணீர் டீ நிறத்திலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறியதும் பலகையை எடுத்துவிடலாம். முதலில் இதை ‘மழை வந்ததும் பலகை போடுவது’ என்றுதான் வைத்திருந்தோம். மழை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தது, போட யாரும் எழுந்து போகவில்லை. இப்போது சித்திரை முதல் தேதியே ஊர்த் தண்ணீரைத் திருப்பிவிடும் பொறுப்பிலுள்ள நீர்க்கட்டி பலகையைப் போட்டுவிடுவார், மழைக்குப் பின் எடுக்க மட்டும்தான் ஆள் வேண்டும். எடுக்க மறந்தால் குட்டைக்குத் தண்ணீர் வராது. விடிந்ததும் ஊரே அவர் வீட்டு வாசலில் நிற்கும்.